பாலமும் ஏரியும் வெள்ளியும்: எடோனியர்கள் வாழ்ந்த மண்

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் என்ற இரண்டு கிரேக்க நகர அரசுகள் நீண்ட போரில் மோதிக்கொண்டிருந்த காலம். கி.மு. 422-இல் ஏதென்ஸின் செல்வாக்கு மிக்க அரசியல்வாதியான கிளியோன், ஆம்ஃபிபோலிஸ் நகரத்து மதிலுக்கு வெளியே போரில் தோற்று ஓடும்போது கொல்லப்பட்டார். கொன்றவன் எதிரணிப் படைத்தலைவனோ ஸ்பார்ட்டா வீரனோ இல்லை. மிர்கினோஸ் என்ற உள்ளூரிலிருந்து வந்த, இலகுவான கேடயம் ஏந்திய ஒரு காலாள். அந்தக் காலத்து வரலாற்றை எழுதிய துசிடிடிஸ் அவன் பெயரைக் குறிப்பிடவில்லை, ஊரை மட்டும் குறிப்பிடுகிறார். மிர்கினோஸ் எடோனியர்களின் ஊர்.

எடோனியர்கள் திரேசிய இனக்குழுக்களில் ஒருவர். திரேசியர் என்பது ஒரே அரசோ ஒரே நாடோ அல்ல. ஏஜியன் கடற்கரையிலிருந்து டான்யூப் ஆறு வரை, இன்றைய பல்கேரியா, வடகிழக்கு கிரீஸ், துருக்கியின் ஐரோப்பியப் பகுதி எங்கும் பரவிக் கிடந்த பல குழுக்களுக்குக் கிரேக்கர்கள் வைத்த பொதுப்பெயர். "இந்தியர்களுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய இனம் திரேசியர்தான், ஒரே தலைமையின் கீழ் ஒன்றுபட்டால் அவர்களை யாராலும் வெல்ல முடியாது, ஆனால் அது நடக்கிற காரியமில்லை" என்ற கருத்தை கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கையில் அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஒற்றுமை விஷயத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய நூல் எதுவும் எடோனியர்களிடமிருந்து நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் அவர்களுடைய நிலத்தைப் பிடிக்க வந்தவர்களின் கணக்குதான். அதனால் அவர்களைப் புரிந்துகொள்ள அந்த மண்ணிலிருந்து தொடங்குவதே சரியான வழி. வந்தவர்கள் எல்லோரும் ஏன் அங்கேயே வந்து முட்டினார்கள் என்பதற்கு மண்ணிலேயே பதில் இருக்கிறது.

ஆறு, ஏரி, மலை

ஸ்ட்ரைமோன் ஆறு பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்குப் பக்கத்திலுள்ள வித்தோஷா மலையில் பிறக்கிறது. இன்று பல்கேரியாவில் அதன் பெயர் ஸ்ட்ரூமா. மொத்த நீளம் சுமார் 415 கிலோமீட்டர். கிரீஸ் எல்லைப் பகுதியில் ரூப்பெல் என்ற குறுகிய மலை இடுக்கு வழியாகப் பிதுங்கி வெளியே வந்து, செர்ரெஸ் சமவெளியில் விரிந்து, தெற்கே ஏஜியன் கடலில் கலக்கிறது. அதே இடுக்கு வழியாகத்தான் குளிர்காலத்தில் வடக்குக் காற்றும் இறங்கும். அதற்குக் கிரேக்க மாலுமிகள் 'ஸ்ட்ரைமோன் காற்று' என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள்.

ஆற்றுக்குக் கிழக்கே பாங்கையோன் மலை. உயரம் 1,956 மீட்டர். கடலுக்குக் கிட்டத்தில் திடீரென்று எழுந்து நிற்கிற தனி மலை. அதன் வடக்கே ஆங்கிட்டீஸ் என்ற கிளையாறு ஓடி வந்து ஸ்ட்ரைமோனில் சேர்கிறது. அதற்கும் கிழக்கே பிலிப்பி, டிராமா சமவெளி, அதன் நடுவே பெரிய சதுப்பு. அந்தச் சதுப்புக்கு அடியில் சேர்ந்திருக்கும் மட்கிய தாவரப் படிவு ஐரோப்பாவிலேயே ஆழமானவற்றில் ஒன்று. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான தட்பவெப்பத்தை அதிலுள்ள மகரந்தத் துகளை வைத்து ஆய்வாளர்கள் படித்து வருகிறார்கள். இன்னும் கிழக்கே போனால் நெஸ்டோஸ் ஆறு. ஸ்ட்ரைமோனுக்கும் நெஸ்டோசுக்கும் நடுவில், பாங்கையோனைச் சுற்றி இருந்ததுதான் எடோனியர் நாடு.

எப்போதும் அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அவர்கள் ஸ்ட்ரைமோனுக்கு மேற்கிலும் இருந்தார்கள். இன்றைய தெசலோனிக்கி நகரத்தை ஒட்டியுள்ள, ஏரிகள் நிறைந்த மிக்டோனியா பகுதியிலிருந்து மாசிடோனிய அரசர்கள் அவர்களை விரட்டினார்கள் என்று துசிடிடிஸ் சொல்கிறார். ஆக, கிரேக்கர்கள் அவர்களோடு மோத ஆரம்பித்தபோது எடோனியர்கள் ஏற்கெனவே பாதி நிலத்தை இழந்து கிழக்கே ஒதுங்கியிருந்தவர்கள்.

அக்கம்பக்கத்தாரும் சாதுவானவர்கள் இல்லை. ஆற்றுக்கு மேற்கே பிசால்ட்டியர்கள், வடக்கே ஓடோமான்டியர்கள், மலைக்குத் தெற்கே பியேரியர்கள், கிழக்கே உயர்ந்த மலைகளில் சாட்ரியர்கள். இந்தச் சாட்ரியர்கள் பற்றி ஒரு செய்தி முக்கியம். கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசர் செர்க்சிஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, வழியிலிருந்த திரேசியர் எல்லோரையும் படையில் சேரக் கட்டாயப்படுத்தினார். சேராமல் தப்பியவர்கள் சாட்ரியர்கள் மட்டுமே. காடும் பனியும் மூடிய மலை அவர்களுடையது. எடோனியர்களின் நிலம் நல்ல வயல், நல்ல ஆறு, நல்ல சாலை. அந்த வசதிதான் அவர்களுக்கு வினையாகவும் ஆனது.

அங்கேதான் கடந்தாக வேண்டும்

செர்ரெஸ் சமவெளியில் ஆறு விரியும்போது பெரிய ஏரியும் சேறுமாகப் பரவியது. ஏரியிலிருந்து வெளியே வரும் ஆறு ஒரு குன்றை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு போகும். குன்றிலிருந்து ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த ஈயோன் துறைமுகம் வரை 25 ஸ்டேடியா, அதாவது ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர்.

மேற்கே மாசிடோனியாவிலிருந்து கிழக்கே திரேசுக்கோ, அங்கிருந்து ஆசியாவுக்கோ போக வேண்டுமென்றால் இந்த ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வடக்கே போனால் ஏரி, இன்னும் வடக்கே போனால் மலை, தெற்கே கடல். மிச்சம் இருப்பது இந்த நாலரைக் கிலோமீட்டர் இடைவெளி. அதிலும் மேடான, உறுதியான கரை உள்ள இடம் அந்தக் குன்றின் அடிவாரம். அங்கே இருந்த எடோனிய ஊருக்கு 'ஒன்பது வழிகள்' என்று பெயர். துசிடிடிஸ் இந்தக் கணக்கை அப்பட்டமாகவே எழுதுகிறார்: அங்கே ஆற்றின் மேல் இருந்த பாலம் ஏதென்ஸ் கையில் இருக்கும் வரை ஸ்பார்ட்டாக்காரர்களால் அதைத் தாண்டிக் கிழக்கே போக முடியாது, ஏனென்றால் மேலே பெரிய ஏரி, கீழே ஈயோன் பக்கம் ஏதென்ஸ் கப்பல்களின் காவல்.

ஆற்றைக் கடந்த பிறகு கிழக்கே போக இரண்டு பாதைகள். ஒன்று பாங்கையோனுக்கு வடக்கே, ஆங்கிட்டீஸ் ஓரமாகப் பிலிப்பி சமவெளிக்குள் போவது. மற்றது மலைக்குத் தெற்கே, கடலோரக் குன்றுகளுக்கும் பாங்கையோனுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு. கிழக்கிலிருந்து மேற்கே வந்த செர்க்சிஸ் பாங்கையோனை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போனார் என்று ஹெரோடோட்டஸ் சொல்வதால், அவர் வந்தது தெற்குப் பாதையில். எந்தப் பாதையில் வந்தாலும் கடைசியில் ஒன்பது வழிகளில்தான் வந்து சேர வேண்டும்.

அப்புறம் மரமும் வெள்ளியும். சுற்றியிருந்த மலைகளில் கப்பல் கட்டத் தோதான மரம் குவிந்து கிடந்தது. ஏதென்ஸைச் சுற்றியிருந்த அட்டிக்காவில் அந்த மாதிரி மரம் கிடையாது. மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்றுக்கு 170 துடுப்புக்காரர்கள், ஆளுக்கொரு துடுப்பு. நூற்றுக்கணக்கில் அப்படிப்பட்ட கப்பல்களை வைத்திருந்த நகரத்துக்கு எத்தனை மரம் வேண்டியிருக்கும்! பாங்கையோனில் பொன்னும் வெள்ளியும் வெட்டினார்கள். எதிர்க்கரையில் தாசோஸ் தீவு. அந்தத் தீவுக்காரர்கள் இந்தக் கரையில் வைத்திருந்த ஸ்காப்டே ஹீலே என்ற பொற்சுரங்கத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 80 தாலந்து வருமானம் பார்த்தார்கள். ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி.

எடோனியர்களும் சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஒரு நாணயம் சாட்சி. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்டாஸ் என்ற அரசர் அடித்த வெள்ளி நாணயம். எடை 28 கிராமுக்கு மேல், உள்ளங்கையில் கனமாக உட்காரும். ஒரு பக்கம், ஒரு ஆள் இரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். மறுபக்கம் நான்காகப் பிரித்த சதுரப் பள்ளம், அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் 'எடோனியர்களின் அரசர் கெட்டாஸ்'. அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்கள் பக்கத்திலிருந்து வரும் ஒரே நேரடிக் குரல் இந்த நாணயங்கள்தான். சந்தையில் கீரை வாங்க அடித்த காசு இல்லை இது. இவ்வளவு பெரிய வெள்ளித் துண்டுகள் பெரும் கொடுக்கல் வாங்கலுக்கானவை. பாரசீகர்களுக்குக் கட்டிய கப்பமாகவும் போயிருக்கலாம். இந்த வட ஏஜியன் வட்டாரத்துக் கனத்த வெள்ளி நாணயங்கள் எகிப்திலும் மேற்காசியாவிலும் புதையல்களில் கிடைத்திருக்கின்றன.

வந்தவர்கள்

முன்னமே கண் வைத்தவர்களில் ஒருவர், ஆசியக் கரையிலிருந்த மிலெட்டஸ் என்ற கிரேக்க நகரத்து ஹிஸ்டியேயஸ். கி.மு. 513 வாக்கில் சித்தியர்கள் என்ற வடக்கு நாடோடிகள் மேல் பாரசீகர் படையெடுத்தபோது டான்யூப் பாலத்தைக் காத்துக் கொடுத்ததற்குப் பரிசாக எதுவேண்டுமென்று பாரசீக மன்னர் தாரியஸ் கேட்டபோது, இவர் மிர்கினோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பொன்னோ பதவியோ கேட்காமல் தூரத்து எடோனிய ஊர் ஒன்றைக் கேட்டவரின் கணக்கு பாரசீகத் தளபதி மெகபாசஸுக்கு உடனே புரிந்தது. ஹிஸ்டியேயஸ் அங்கே மதில் கட்டுவதைப் பார்த்துவிட்டு மெகபாசஸ் தாரியஸிடம் ஓடினார். கப்பலுக்கு மரம், துடுப்புக்கு மரம், வெள்ளிச் சுரங்கம், சுற்றிலும் ஏராளமான கிரேக்கரும் திரேசியரும். ஒரு தலைவன் கிடைத்தால் அவன் சொன்னபடி இரவு பகலாக உழைப்பார்கள், இப்படி ஒரு இடத்தை ஒரு கிரேக்கனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாரியஸ் ஹிஸ்டியேயஸைக் கூப்பிட்டு, "நீ எனக்கு ஆலோசகராகப் பக்கத்திலேயே இரு" என்று நயமாகச் சொல்லி பாரசீகத் தலைநகர் சூசாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். ஒரு நிலத்தின் மதிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் மதிப்பிட்டதில்லை.

அவருடைய மருமகன் அரிஸ்டகோரஸ், ஆசியாவில் தான் கிளப்பிய கலகம் தோற்கத் தொடங்கியதும், தப்பி ஓடி வந்தது இதே மிர்கினோஸுக்கு. கி.மு. 497 வாக்கில் திரேசியர்களின் ஊர் ஒன்றை முற்றுகையிட்டபோது படையோடு அழிந்தார்.

கி.மு. 480-இல் செர்க்சிஸ் வந்தார். ஸ்ட்ரைமோன் கரையில் பாரசீகப் பூசாரிகள் வெள்ளைக் குதிரைகளைப் பலியிட்டார்கள். ஆற்றைக் கடந்த இடத்தின் பெயர் ஒன்பது வழிகள் என்று தெரிந்ததும், உள்ளூர்ப் பிள்ளைகளில் ஒன்பது ஆண்களையும் ஒன்பது பெண்களையும் உயிரோடு புதைத்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பாரசீகர்களைப் பற்றிக் கிரேக்கர் எழுதிய செய்தி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் பேரரசின் நெடுஞ்சாலையில் குடியிருப்பதற்கு என்ன விலை என்பது புரிகிறது.

பாரசீகர் பின்வாங்கிய பிறகும் ஈயோன் கோட்டையில் போகீஸ் என்ற ஆளுநர் இருந்தார். ஏதென்ஸ் தளபதி சிமோன் கோட்டையை முற்றுகையிட்டார். ஆற்றுக்கு அப்பாலிருந்த திரேசியர்கள் கோட்டைக்குத் தானியம் அனுப்பிக் கொண்டிருந்ததால், முதலில் அவர்களை விரட்ட வேண்டியிருந்ததாம். தானியம் தீர்ந்ததும் போகீஸ் பெரிய சிதை மூட்டி, மனைவி மக்களை வெட்டி அதில் போட்டு, கோட்டையிலிருந்த பொன் வெள்ளி அத்தனையையும் மதிலுக்கு மேலிருந்து ஸ்ட்ரைமோனில் வீசிவிட்டுத் தானும் தீயில் விழுந்தார். ஏதென்ஸுக்கு மிஞ்சியது கோட்டையும் சுற்றியிருந்த நிலமும். அந்த நிலம்தான் அவர்களுக்கு வேண்டியதும்.

கி.மு. 465 வாக்கில் ஏதென்ஸும் அதன் கூட்டாளிகளும் 10,000 குடியேறிகளை அனுப்பின. ஒன்பது வழிகளை எடோனியர்களிடமிருந்து பிடித்துவிட்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, பொற்சுரங்கங்களை நோக்கி உள்நாட்டுக்குள் போனார்கள். டிராபெஸ்கோஸ் என்ற இடத்தில் ஒன்று திரண்ட திரேசியர்கள் அவர்களை அழித்தார்கள். பாரசீகரைக் கிரேக்கர் வென்ற பிளாட்டேயா போரில் பேர்பெற்ற சோஃபனீஸ் என்ற வீரரும் அந்தச் சுரங்கங்களுக்கான சண்டையில் எடோனியர் கையால் செத்தார். ஒருமுறை ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹெரோடோட்டஸ் சொன்ன நிபந்தனை அன்றைக்கு ஒருநாள் நிறைவேறியது. எடோனியர் வரலாற்றில் இதுதான் பெரிய வெற்றி.

அது 28, 29 ஆண்டுகள் தாங்கியது. கி.மு. 437-இல் ஹாக்னோன் என்ற ஏதென்ஸ் தளபதி ஈயோனிலிருந்து ஏறி வந்து, எடோனியர்களை வெளியேற்றிவிட்டு அதே குன்றில் ஆம்ஃபிபோலிஸ் நகரத்தை அமைத்தார். ஆறு சூழாத பக்கத்தில் ஒரு நீண்ட மதில், அவ்வளவுதான், நகரம் தீவு மாதிரி ஆகிவிட்டது. இதைப் பற்றிப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் போலியேனஸ் என்பவர் எழுதிவைத்த ஒரு கதை உண்டு. ட்ராய் போரில் இறந்த ரீசஸ் என்ற திரேசிய வீரனின் எலும்புகளை ஹாக்னோன் கொண்டுவந்தாராம். தடுக்க வந்த உள்ளூர்க்காரர்களோடு மூன்று பகல் போர்நிறுத்தம் என்று ஒப்பந்தம். இரவில் ஆற்றைக் கடந்து, எலும்புகளைப் புதைத்து, நிலா வெளிச்சத்தில் மூன்று இரவுகளில் அகழி வெட்டி மதில் கட்டி முடித்துவிட்டார். "இப்படியா ஏமாற்றுவது?" என்று கேட்டதற்கு, "பகலைத்தான் ஒப்புக்கொண்டேன், இரவை இல்லையே" என்றாராம். மூன்று இரவில் மதில் எழும்புவதெல்லாம் நடக்காத காரியம். ஆனால் பிடுங்கிய இடத்துக்கு அந்த மண்ணின் வீரனையே காவல் தெய்வமாக வைத்துப் பட்டா எழுதிக்கொண்ட சாமர்த்தியத்தைக் கதை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

மதிலுக்கு வெளியே

நகரம் போன பிறகும் எடோனியர்கள் மிர்கினோஸில் இருந்தார்கள். கி.மு. 424-இன் குளிர்காலத்தில், லேசாகப் பனி தூவிய ஓர் இரவில், ஸ்பார்ட்டாவின் பிரசிதாஸ் ஆம்ஃபிபோலிஸ் பாலத்தைப் பிடித்தார். காவல் குறைவு, பாலமும் நகர மதிலோடு சேர்ந்து இல்லை. தாசோஸிலிருந்து ஏழு கப்பல்களோடு விரைந்து வந்த ஏதென்ஸ் தளபதி ஈயோனை மட்டும் காப்பாற்றினார், நகரம் போய்விட்டது. அந்தத் தளபதிதான் துசிடிடிஸ். அந்தத் தோல்விக்காக 20 ஆண்டுகள் நாடு கடத்தப்பட்டார். அதே வட்டாரத்துப் பொற்சுரங்கங்களில் அவருக்கு உரிமையும் இருந்தது. எடோனியர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தகவலில் பாதி, அவர்களின் நிலத்தால் லாபமும் நஷ்டமும் அடைந்த ஒருவர் எழுதியது.

அந்த நேரத்தில் மிர்கினோஸும் பிரசிதாஸ் பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்பு எடோனிய அரசர் பிட்டாகோஸை கோவாக்சிஸின் மகன்களும் பிட்டாகோஸின் மனைவி பிராவ்ரோவும் சேர்ந்து கொன்றுவிட்டார்கள். துசிடிடிஸ் இதற்கு ஒரு வரிக்கு மேல் செலவழிக்கவில்லை. ஏதென்ஸா ஸ்பார்ட்டாவா என்ற பிளவு அரண்மனைப் படுக்கையறை வரை போயிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த போரில் பிரசிதாஸ் எடோனியர்களின் குதிரைப்படையையும் இலகு காலாட்படையையும் முழுதாக வரவழைத்திருந்தார். பிரசிதாஸும் இறந்தார், கிளியோனும் இறந்தார். ஏதென்ஸுக்கு ஆம்ஃபிபோலிஸ் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இதே ஏதென்ஸில், நாடக மேடையில் எடோனியர்களுக்கு வேறு முகம். மதுக்கடவுள் தயோனிசஸை எதிர்த்த லைகர்கஸ் என்ற எடோனிய அரசனின் கதை அங்கே பிரபலம். கடவுள் அவனுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறார். திராட்சைக் கொடியை வெட்டுவதாக நினைத்துப் பெற்ற மகனையே கோடரியால் வெட்டிவிடுகிறான். நிலம் தரிசாகிறது. அவன் செத்தால்தான் விளையும் என்று குறி சொல்ல, எடோனியர்களே அவனைப் பாங்கையோனில் கட்டிப்போட்டுக் குதிரைகளை விட்டுக் கிழிக்க வைக்கிறார்கள். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் தன் நண்பன் ஊர் திரும்பிய மகிழ்ச்சியில் எடோனியர்களைப் போல வெறியாடுவேன் என்று பாடும்போது, உண்மையான எடோனிய அரசு இல்லாமல் போய் வெகு காலம் ஆகியிருந்தது.

அதை முடித்தவர் மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப். கி.மு. 357-இல் ஆம்ஃபிபோலிஸைப் பிடித்தார். அடுத்த ஆண்டு, பாங்கையோனுக்கு வடகிழக்கே தாசோஸ்காரர்கள் சற்று முன்புதான் அமைத்திருந்த கிரெனிடெஸ் என்ற குடியேற்றத்தைத் தன் பெயரில் பிலிப்பி ஆக்கினார். அங்கிருந்த சுரங்கங்களைச் சீர்ப்படுத்தி ஆண்டுக்கு 1,000 தாலந்துக்கு மேல் எடுத்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். சதுப்பையும் வடிகட்டி வயலாக்கினார்கள். தண்ணீர் வற்றிக் காடு குறைந்ததும் அந்தப் பகுதியின் உறைபனி முன்பைவிடக் குறைந்தது என்று தாவரங்களைப் பற்றி எழுதிய தியோஃப்ராஸ்டஸ் பதிவு செய்கிறார். மனிதன் நிலத்தை மாற்றினால் தட்பவெப்பம் மாறும் என்பதற்கு இவ்வளவு பழைய குறிப்புகள் அதிகம் கிடையாது. பாங்கையோனில் காட்டுத்தனமாக வளர்ந்த பல இதழ் ரோஜாக்களை பிலிப்பி மக்கள் தோண்டி எடுத்துவந்து தோட்டத்தில் நட்டார்கள் என்றும் அவரே சொல்கிறார்.

1977-இல் அகழாய்வாளர் டிமிட்ரியோஸ் லசாரிடிஸ் ஆம்ஃபிபோலிஸில் அந்தப் பாலத்தைக் கண்டுபிடித்தார். ஆற்று மணலுக்குள் அடித்து இறக்கிய மரத்தூண்கள் நீரும் சேறும் காப்பாற்றியதால் வரிசை வரிசையாக நின்றன. நகரத்துக்கு வடகிழக்கே '133-ஆம் குன்று' என்று நில வரைபடத்தில் குறித்த மேட்டில், ஆம்ஃபிபோலிஸுக்கு முந்தைய குடியிருப்பும் இடுகாடும் கிடைத்தன. ஒன்பது வழிகள் அதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எடோனியர்களின் எல்லை அவர்களுக்குப் பிறகும் பயன்பட்டது. கி.மு. 167-இல் ரோம் மாசிடோனியாவை நான்கு வட்டாரங்களாக வெட்டியபோது, ஸ்ட்ரைமோனுக்கும் நெஸ்டோசுக்கும் இடைப்பட்ட நிலமே முதல் வட்டாரத்தின் முக்கியப் பகுதி, தலைமையிடம் ஆம்ஃபிபோலிஸ். ரோமானியரின் எக்னாட்டியா நெடுஞ்சாலையும் இந்தக் கடவு வழியாகவே போனது. ஏரி 1930-களில் வடிக்கப்பட்டு வயலாகிவிட்டது. இந்த இடத்தில்தான் ஆற்றைக் கடந்தாக வேண்டும் என்ற பழைய கட்டாயம் அதோடு போனது. ஆனாலும் தெசலோனிக்கியிலிருந்து கவாலாவுக்குப் போகும் இன்றைய விரைவுச்சாலை ஆம்ஃபிபோலிஸுக்குக் கீழே ஸ்ட்ரைமோனைத் தாண்டி, செர்க்சிஸ் வந்த அதே தெற்குப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் பாங்கையோனைச் சுற்றிப் போகிறது.